வழுக்கும் மை, நிலைக்கும் மை



மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்து, "நாலு பக்கம் வர்ற மாதிரி ஏதாவது வரலாறு எழுதிக் குடுப்பா. ஆனா காலேஜ் வரலாறு வேண்டாம், அதை ஏற்கெனவே மூணு பேர் எழுதிட்டாங்க" என்றார். எனக்குத் தெரிந்த வரலாறு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, சட்டைப் பையில் கை போயிற்று. பேனா. அதிலும் பேனாகூட இல்லை, அதற்குள் இருக்கும் ரீஃபில். இந்த இரண்டு ரூபாய்ச் சாமானைப் பற்றிச் சில வருஷங்களாக நான் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். ஏன் படிக்க வேண்டி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நம் பரீட்சை ஹாலை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம், மெயின் ஷீட், அதற்கு மேல் அடிஷனல் ஷீட், கட்டுவதற்கு வெள்ளை நூல். இரண்டாவது வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி ஒன்று: நியூட்டன் விதிக்குக் கட்டுப்படாத பாய்மங்களுக்கு உதாரணம் தருக. டூத் பேஸ்ட், ரத்தம், பெயின்ட் என்று எல்லோரும் எழுதினோம். எழுதிக்கொண்டிருந்த ஜெல் பேனாவின் மைதான் அதற்கு முதல் தரமான உதாரணம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறோம்.

ஹாஸ்டலில் ரீஃபில் எழுதவில்லை என்றால் நாம் செய்யாத வைத்தியம் உண்டா? உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவது, பின்பக்கம் வாய் வைத்து ஊதுவது, தீக்குச்சி கொளுத்தி முனையைக் காட்டுவது, ஹவாய் செருப்பின் அடியில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. இவற்றில் ஊதுவதைத் தவிர மற்றவை எல்லாமே அறிவியல்படி சரிதான். உருட்டினாலும் சுட்டாலும் மை இளகும். செருப்பின் ரப்பர், வழவழப்பான காகிதத்தைவிட நன்றாகப் பிடித்து, இறுகிப்போன குண்டைச் சுழல வைக்கும். ஊதினால் பல்லெல்லாம் நீலம். அவ்வளவுதான் லாபம்.

பால்பாயிண்ட் பேனாவின் கஷ்டம் முழுவதும் அந்த ஒரு குண்டைச் சுற்றித்தான். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. குண்டு சுழல வேண்டும், ஆனால் விழக்கூடாது. கிண்ணத்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் மை கொட்டும், குறைந்தால் மை வராது. அந்த இடைவெளி மைக்ரான் கணக்கு. நம் ஒர்க்‌ஷாப்பில் வெர்னியரை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு ஞாபகம் இருந்தால், மைக்ரான் என்றால் என்ன என்று புரியும்.

இந்த யோசனைக்கு முதல் பேட்டன்ட் 1888-லேயே வாங்கியாயிற்று. அமெரிக்காவில் ஜான் லவுட் என்பவர், தோலின் மேல் குறி போடுவதற்காக ஒன்றைச் செய்தார். சொரசொரப்பான தோலில் எழுதியது. கடிதம் எழுத உதவவில்லை. அதற்கப்புறம் ஐம்பது வருஷம் பலர் பலவிதமாக முயற்சி செய்தார்கள். எல்லோரும் குண்டைத் திருத்தினார்கள், கிண்ணத்தைத் திருத்தினார்கள். மையை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வெயில் காலத்தில் ஒழுகியது, குளிர் காலத்தில் உறைந்தது.

மையிலிருந்து ஆரம்பித்தவர் ஒரு பத்திரிகைக்காரர். லாஸ்லோ பீரோ, 1899-ல் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தவர். அச்சகத்தில் நாளிதழ் அச்சாகி வந்தவுடனே மை காய்ந்துவிடுவதைத் தினமும் பார்த்தவர் அவர். தன் ஃபவுண்டன் பேனாவோ எழுதியதை ஈஷிக்கொண்டே இருந்தது. அச்சு மையைப் பேனாவில் ஊற்றினால் என்ன? ஊற்றினார். இறங்கவில்லை. அந்த மை அவ்வளவு கெட்டி, நிப்பின் பிளவு வழியாக அது நகராது. அப்படியானால் அந்தக் கெட்டி மையை எடுத்துக் காகிதத்தில் தடவ வேறு ஏதாவது வேண்டும், அதுதான் சுழலும் குண்டு. வேதியியல் தெரிந்த தன் சகோதரர் ஜியார்ஜியைச் சேர்த்துக்கொண்டு மையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பார்த்தார். 1938-ல் பேட்டன்ட் வாங்கினார்.

அந்த 1938-ஆம் ஆண்டைக் கவனியுங்கள். பீரோ யூதக் குடும்பத்தவர். அதே ஆண்டில்தான் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வர ஆரம்பித்தன. பேட்டன்டைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. பாரிஸ் போய், அங்கிருந்து 1940-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அங்கே 1943-ல் புதிய பேட்டன்ட். இந்தத் தடவை புவியீர்ப்பை நம்பாமல், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி நுண்துளைக் கவர்ச்சியால் மை முனைக்கு வரும்படி அமைத்தார். உயரத்தில் பறக்கும்போது ஃபவுண்டன் பேனா ஒழுகித் தொலைக்கும் என்பதால், பிரிட்டிஷ் விமானப் படை இந்தப் பேனாவை வாங்கியது. இன்றைக்கும் இங்கிலாந்தில் பால்பாயிண்டுக்குப் பொதுப் பெயர் 'பைரோ'. அர்ஜென்டினாவில் 'பிரோமே', அவரும் அவருடைய கூட்டாளி மெய்னேயும் தங்கள் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அவர் பிறந்த செப்டம்பர் 29-ஆம் தேதியை அந்த நாடு கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறது. பேர் கிடைத்தது. பெரும் பணம் மற்றவர்களுக்குப் போயிற்று.

மற்றவர்களில் முதல் ஆள் மில்டன் ரெனால்ட்ஸ், சிகாகோ வியாபாரி. 1945-ல் பியூனஸ் அயர்ஸில் இந்தப் பேனாவைப் பார்த்தார். அமெரிக்க உரிமையை எவர்ஷார்ப், எபர்ஹார்ட் ஃபேபர் என்ற இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே 5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தன. ரெனால்ட்ஸ் அசரவில்லை. பேட்டன்ட் நுண்துளைக் கவர்ச்சிக்குத்தானே, நான் பழையபடி புவியீர்ப்பிலேயே மையை இறக்குகிறேன் என்று ஒரு பேனாவை அவசரமாகச் செய்து, 1945 அக்டோபர் 29-ஆம் தேதி நியூயார்க்கில் கிம்பல்ஸ் கடையில் இறக்கினார். விலை பன்னிரண்டரை டாலர். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. தண்ணீருக்கு அடியிலும் எழுதும் என்று விளம்பரம். (தண்ணீருக்கு அடியில் போய் யார் எழுதப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது.) போர் முடிந்த நேரம், கையில் காசு புழங்கிய நேரம். ஜனங்கள் வரிசையில் நின்று ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் எழுதிப் பார்த்தார்கள். திட்டுத் திட்டாக விழுந்தது, நடு நடுவே விட்டுப் போயிற்று, சட்டைப் பையை நனைத்தது, எழுதியது மங்கிப் போயிற்று. முறைப்படி உரிமை வாங்கிய எவர்ஷார்ப்பின் பேனாவும் சொன்னபடி எழுதவில்லை. இரண்டு பேரும் போட்டி போட்டு விலையைக் குறைத்ததில் 1948 வாக்கில் பால்பாயிண்ட் அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விலை குறைந்தது என்றால் நல்ல செய்திதானே என்பீர்கள். இல்லை, யாருமே சீந்தவில்லை. வங்கிகள் அந்த மையில் போட்ட கையெழுத்தை நம்பத் தயாராக இல்லை. ஒரு நல்ல கண்டுபிடிப்பு, மை சரியாக அமையாததால், ஏறக்குறைய செத்தே போயிற்று.

இதை நம் வகுப்பில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று அடிக்கடி நினைப்பேன். எந்திரம் பற்றி நாலு வருஷம் படித்தோம், அதற்குள் ஓடுகிற எண்ணெயைப் பற்றி ஒரு யூனிட்.

பிழைக்க வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவில் பாட்ரிக் ஃப்ராலி. ஃப்ரான் சீச் என்ற வேதியியலாளர் ஈஷாத, சீக்கிரம் காயும் மை ஒன்றைச் செய்து வைத்திருந்தார். ஃப்ராலி அதை வைத்து 1949-ல் பேப்பர் மேட் பேனாவைக் கொண்டு வந்தார். பையன் கெட்டிக்காரன், முதலில் வங்கிக்காரர்களைப் பிடித்தார். வங்கி ஒப்புக்கொண்ட மை என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும் என்ற கணக்கு. கணக்குத் தப்பவில்லை. 1955-ல் ஜில்லெட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 55 லட்சம் டாலருக்கு வாங்கியது.

இன்னொருவர் பிரான்ஸில் மார்செல் பீச். பாரிஸை ஒட்டிய கிளிஷியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் பேனா பாகங்கள் செய்துகொண்டிருந்தவர். கடிகாரம் செய்கிற நாடு ஸ்விட்சர்லாந்து. அங்கிருந்து எந்திரங்களை வரவழைத்தார். பீரோவிடம் உரிமைக்குப் பணம் கொடுத்தார். தன் பெயரில் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு 'பிக்' என்று பெயர் வைத்து 1950 டிசம்பரில் பிக் கிரிஸ்டல் பேனாவை வெளியிட்டார். பென்சில் மாதிரி ஆறு பட்டை, மேசையில் உருளாது. மை எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, கண்ணாடி மாதிரி உடல். உடலின் நடுவில் பொட்டு மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? உள்ளே காற்றழுத்தமும் வெளியே காற்றழுத்தமும் ஒன்றாக இருக்கத்தான் அது. ஓட்டை இல்லாவிட்டால் மலை ஏறினாலோ விமானத்தில் போனாலோ மை வெளியே தள்ளப்படும். முதலில் குண்டு எஃகில் இருந்தது; 1960-களில் டங்ஸ்டன் கார்பைடுக்கு மாறினார்கள். 2006-க்குள் அந்தக் கம்பெனி விற்ற பேனா பத்தாயிரம் கோடி. அதே பிரான்ஸில்கூட பள்ளிக்கூடத்துக்குள் பால்பாயிண்டை விட 1965 ஆயிற்று. "பால்பாயிண்ட்ல எழுதினா கையெழுத்து கெட்டுப்போகும்" என்று நம் வாத்தியார்கள் மட்டும்தான் சொன்னார்கள் என்று நினைத்திருந்தேன்.

டங்ஸ்டன் கார்பைடு என்றதும் நினைவு வருகிறது. நம் எல்லோர் பையிலும் இருந்த வெள்ளை உடல், நீல மூடி ரெனால்ட்ஸ் பேனா. அதில் '045 ஃபைன் கார்பூர்' என்று எழுதியிருக்கும். கார்பூர் என்பது ஏதோ ஸ்டைலுக்குப் போட்ட பெயர் என்றுதான் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிரெஞ்சுச் சொல், அர்த்தம் கார்பைடு. முனையில் இருக்கும் குண்டு எதில் செய்தது என்று பேனா மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கிம்பல்ஸ் கடையில் ஆரம்பித்த அந்தப் பெயர் பிரான்ஸுக்குப் போய், 1980-களில் சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக நம் பென்சில் பாக்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஃபவுண்டன் பேனாவும் பிரில் மையுமாக இருந்த அப்பாக்கள் தலைமுறையின் சட்டைப் பையையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டது. என் அப்பா கடைசிவரை கையெழுத்துக்கு மட்டும் மைப் பேனாவை விடவில்லை, அது வேறு கதை.

இனி ஜப்பானுக்கு வருவோம். அங்கேதான் வழுக்கி எழுதுவது என்ற ஆசை ஒரு தொழிலாகவே மாறியது. பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை, தேனைவிடக் கெட்டி. ஆகவே அழுத்தி எழுத வேண்டும். தண்ணீர் மாதிரி மை வைத்தால் வழுக்கும், ஆனால் பரவும், ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்: சும்மா இருக்கும்போது கெட்டி, குண்டு சுழலும்போது நீர். தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் வராது, நாலு தட்டுத் தட்டினால் மொத்தமாக விழும் அல்லவா? அதே குணம். ஒசாகாவில் சகுரா கம்பெனிக்காரர்கள் 1980-களில் இந்தக் குணத்தைத் தேடி முட்டையின் வெள்ளைக் கரு, துருவிய கிழங்கு வரைக்கும் கலந்து பார்த்தார்களாம். கடைசியில் கிடைத்தது சாந்தன் கம் என்ற பிசின்; சாஸில் கெட்டித் தன்மைக்குச் சேர்ப்பதும் அதுதான். 1984-ல் முதல் ஜெல் பேனா வந்தது. ஜெல் ரீஃபிலின் வால் பக்கம் நிறமில்லாத கிரீஸ் மாதிரி ஒன்று மையோடு சேர்ந்து இறங்கும். மை காயாமலும் பின்பக்கம் கொட்டாமலும் காக்கும் மூடி அது. அதை அழுக்கு என்று நினைத்து ஊக்கால் குத்தி எடுத்த அறிவாளி ஒருவன் நம் ஹாஸ்டலில் இருந்தான். இந்த மலர் அவன் கைக்கும் போகும் என்பதால் பெயர் வேண்டாம்.

2006-ல் இன்னொரு படி. யூனி கம்பெனியின் ஜெட்ஸ்ட்ரீம். எண்ணெய் மைதான், ஆனால் பிசுபிசுப்பைப் பெரிய அளவில் குறைத்த மை. பால்பாயிண்ட் மாதிரிக் காய்கிறது, ஜெல் மாதிரி ஓடுகிறது. இப்போது நம் ஊர்ப் பேனாக் கம்பெனிகளும் இந்த ரக மையைப் போடுகின்றன.

விண்வெளிப் பேனாவைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். அமெரிக்கர்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து பேனா கண்டுபிடித்தார்கள், ரஷ்யர்கள் பென்சிலால் எழுதிவிட்டார்கள் என்று நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. பொய். பால் ஃபிஷர் என்பவர் தன் சொந்தப் பணத்தில், நைட்ரஜன் அழுத்தத்தால் மையைத் தள்ளும் ரீஃபிலை 1965 வாக்கில் செய்தார். நாஸா சுமார் 400 பேனா வாங்கி, 1968-ல் அப்போலோ 7-ல் அனுப்பியது. அடுத்த ஆண்டு ரஷ்யர்களும் அதே பேனாவை வாங்கினார்கள். பென்சில் தூள் மின்சாரம் கடத்தும், விண்கலத்துக்குள் மிதந்தால் ஆபத்து. அந்த ஃபார்வர்டைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

படித்து முடித்து ஓர் ஆலையில் சேர்ந்தேன். பாய்லர் செக்‌ஷன். ஷிப்டில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆபரேட்டர் அண்ணன். என்னைவிட இருபது வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் "சார்", தனியாக இருந்தால் "தம்பி". பம்ப் பேரிங் மேல் கையை வைத்தே டிகிரி சொல்வார், தெர்மாமீட்டர் பிறகு அதை ஒப்புக்கொள்ளும். மணிக்கொரு தடவை லாக் ஷீட்டில் ரீடிங் எழுதுவது அவர் வேலை. கை கொஞ்சம் நடுங்கும். ஆலையில் கொடுக்கிற பால்பாயிண்ட் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது, விரல் வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னார்.

நான் பெரிய மனது பண்ணி, அந்த ஆயுத பூஜைக்கு அவருக்கு ஒரு ஜெல் பேனாவும் பத்து ரீஃபிலும் வாங்கிக் கொடுத்தேன். கடையில் நின்று நாலைந்து பேனாவைக் கிறுக்கிப் பார்த்து, எது ரொம்ப வழுக்குகிறதோ அதையே தேர்ந்தெடுத்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. "அடேங்கப்பா, தானா ஓடுது தம்பி" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

சில வாரம் கழித்து ஒரு நைட் ஷிப்ட். எனக்கு அன்று ஆஃப். விடியற்காலை நாலு மணிக்கு ஃபீட் பம்ப் பேரிங் எரிந்து போயிற்று. அந்தக் களேபரத்தில் கூலிங் வாட்டர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு மேசையெல்லாம் தண்ணீர். லாக் ஷீட் ஊறிப்போயிற்று. முந்தைய ஷிப்ட்காரர் பால்பாயிண்டில் எழுதியிருந்த கட்டங்கள் அப்படியே இருந்தன. அண்ணன் எழுதிய கட்டங்களில் ஒரு நீல மேகம். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று மணி ரீடிங் எதுவும் படிக்க முடியவில்லை.

என்கொயரி வைத்தார்கள். ரெண்டு மணிக்கே டெம்பரேச்சர் ஏறுதுன்னு எழுதி, போன்லயும் சொன்னேன் என்றார் அவர். போனை எடுத்தவருக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. எழுதவே இல்லை, பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டீர்கள் என்றது எதிர்த் தரப்பு. பால்பாயிண்ட் என்றால் அழுத்தி எழுதிய தடம் அடுத்த தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். வழுக்கி எழுதும் பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை. அடுத்த தாள் வெறுமையாக இருந்தது. பேனா நான் வாங்கிக் கொடுத்தது என்று கமிட்டி முன்னால் போய்ச் சொன்னேன். "பேனா இங்க பிரச்னை இல்லப்பா, நீ போ" என்றார்கள். அவருக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பதிவு. அந்த நேரத்தில் அவர் மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் ரீஃபிலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டது இதுதான். மையில் நிறம் இரண்டு விதமாக வரலாம். ஒன்று சாயம், திரவத்தில் கரைந்து கிடக்கும். இன்னொன்று நிறமி, கரையாத நுண்துகள், காகித நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் மையில் சாயம் மட்டும் இருந்தால், திரும்பத் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். நான் வாங்கியது அந்த ரகம். நிறமி போட்ட ஜெல் என்றால் அந்த எண்கள் நின்றிருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, எழுதினாலும் ஒரே மாதிரி. கடையில் நாம் கிறுக்குகிற கிறுக்கலில் வித்தியாசம் தெரியவே தெரியாது.

சாதா பால்பாயிண்ட் தண்ணீருக்கு நிற்கும். ஆனால் ஸ்பிரிட் பட்டால் அதிலுள்ள சாயம் கரையும். சட்டைக் கறைக்கு ஸ்பிரிட் தடவுகிறோமே, அதே வித்தைதான் செக்கைத் திருத்துகிறவனுக்கும் கைகொடுக்கிறது. வெயிலிலும் மங்கும், நோட்டீஸ் போர்டில் பழைய கையெழுத்துகளைப் பாருங்கள். ஆகவேதான் ஆவணங்களுக்கு என்றே ஐ.எஸ்.ஓ. 12757-ல் இரண்டாம் பகுதி தனியாக இருக்கிறது. தண்ணீர், சாராயம், பிளீச், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் மை தாக்குப்பிடிக்கிறதா என்று அதில் சோதனை. அட்டையில் இந்த எண் போட்ட ரீஃபில் கிடைத்தால் கூடக் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். நேர் எதிராக, 2006-லிருந்து பைலட் கம்பெனி விற்கும் ஃப்ரிக்‌ஷன் என்ற பேனா, சூட்டில் அழிவதற்கென்றே செய்தது. 60 டிகிரி வாக்கில் எழுத்து மறைந்துவிடும். குறிப்பெடுக்க அருமையான பேனா. அதில் கையெழுத்துப் போட்ட பேப்பரைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நடைமுறையாக ஒன்று சொல்லவேண்டும். வழுக்க வேண்டும் என்றால் 0.5-ஐவிட 0.7, அதைவிட 1.0 குண்டு. சின்னக் குண்டு காகித நாரின் மேடு பள்ளத்தில் இறங்கி ஏறும், பெரியது மேலாகவே உருண்டு போய்விடும். ஆனால் அடிஷனல் ஷீட் காகிதம் மட்டமாக இருந்தால் பெரிய குண்டும் நீர் மையும் சேர்ந்து பின்பக்கம் வரைக்கும் ஊறும். அதற்குக் குறைந்த பிசுபிசுப்புள்ள எண்ணெய் மைதான் சரி. கடையில் ஒரு கோடு கிழித்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. ஒரு ரீஃபில் மட்டும் வாங்கி வந்து பத்து வரி எழுதுங்கள், பத்து நிமிஷம் மூடாமல் வைத்து முதல் எழுத்து விழுகிறதா பாருங்கள், மறுநாள் அந்தத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு சானிடைசரும் விட்டுப் பாருங்கள். பிறகு டஜன் வாங்கலாம். பரீட்சைக்குப் புது ரீஃபிலோடு போகாதீர்கள், இரண்டு பக்கமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். எழுதும்போது கை வியர்த்தால் கீழே ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் குண்டு சுழலாமல் சறுக்கும், நாம் ரீஃபிலைத் திட்டுவோம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு செய்தி. உலகத்தில் பெரும்பாலான பால்பாயிண்ட் பேனாக்களைச் செய்கிற சீனா, வருஷக்கணக்கில் அந்த முனைக்கான எஃகை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. அதிவேக ரயில் விடுகிறோம், ஒரு பேனா முனை செய்ய முடியவில்லையா என்ற ரீதியில் அந்நாட்டுப் பிரதமர் லீ கச்சியாங் 2016-ல் வெளிப்படையாகவே ஆதங்கப்பட்டார். தையுவான் எஃகு ஆலை ஐந்து வருஷம் உழைத்து 2.3 மில்லிமீட்டர் முனைக் கம்பியைச் செய்து முடித்ததாக 2017 ஜனவரியில் அறிவித்தது. மெட்டலர்ஜி படிக்கும் தம்பிகள் இதைப் புராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், கைடு ஒப்புக்கொண்டால்.

எங்கள் ஆலையில் லாக் ஷீட்டுக்குக் கெட்டி மைப் பால்பாயிண்ட் மட்டும்தான் என்று பிறகு சர்க்குலர் வந்தது. அதை டிராஃப்ட் செய்தவன் நானே. கை நடுங்குகிறவர்களுக்காகக் குறைந்த பிசுபிசுப்பு எண்ணெய் மை ரீஃபில் வாங்க ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட்டு, இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் வாங்க வைத்தேன்.

அண்ணன் போன வருஷம் ரிடையர் ஆனார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேனாவைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசி நாள் பி.எஃப்., கிராஜுவிட்டி பேப்பர்களில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. தன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன். வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முனையை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

"இது நிக்கிற மைதானே தம்பி?"

"நிக்கும்ணே."

முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெருவிரலால் அதன் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.